பள்ளி மூடினால் பிள்ளைகளை யார் தேடுவது?

2020-21 கல்வியாண்டுக்கான ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. பெற்றோர் வந்தார்கள், பெயர் பதிந்தார்கள், புத்தகங்களை வாங்கிக்கொண்டு போனார்கள். அப்படிப் பதிவேட்டில் பெயர் ஏறிய ஒரு குழந்தை, கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்ததால், வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1 அன்று. அப்போது அது இரண்டாம் வகுப்பு. இரண்டு மாதம் கழித்து ஒமைக்ரான் அலையில் பள்ளி மறுபடி மூடியது, 2022 பிப்ரவரி 1 அன்றுதான் திறந்தது. எழுத்தைப் பிடிக்க வேண்டிய ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட அந்தக் குழந்தைக்கு வகுப்பறை கிடைக்கவில்லை.

எங்கள் காங்கேயத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து அடுத்த பள்ளிக்கே போய்விட்டார்கள். நோயைப் பற்றிய பேச்சும் ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்த மாதங்களில் எழுந்த ஒரு கேள்விக்கு இன்னும் நம்மிடம் பதில் இல்லை. பள்ளி மூடியிருக்கும்போது எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது, சாப்பிட்டதா, ஏதாவது படிக்கிறதா, வேலைக்குப் போய்விட்டதா என்று தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் யார்? ஆசிரியர் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டோம். தலைமையாசிரியரும் உதவி ஆசிரியரும் என இரண்டே பேர் ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளிகள் நம் வட்டாரத்தில் நிறைய. அவர்கள் தோளில் மட்டும் ஏற்றக்கூடிய பாரம் அல்ல அது. பாடத்தை அனுப்புவது அரசின் கடமை, பிள்ளையைத் தொலையவிடாமல் பார்த்துக்கொள்வது ஊரின் கடமை. அதற்கான ஏற்பாட்டைப் பள்ளி திறந்திருக்கும் காலத்திலேயே நாம் எல்லோரும் சேர்ந்து செய்துவைக்க வேண்டும்.

கொங்கு நாட்டில் இது இன்னும் கனமான விஷயம். ஆற்றுப் பாசன ஊர்களில் வீடுகள் தெருத்தெருவாக ஒட்டி நிற்கும். பள்ளி இல்லையென்றாலும் பிள்ளை வாசலில் இறங்கினால் கூட விளையாட ஆள் உண்டு. காங்கேயம் வட்டாரத்தில் குடியானவர்களில் பலருக்குக் குடியிருப்பு தோட்டத்துச் சாளையில்தான். கிளுவை வேலி போட்ட கொரங்காடு, அதற்குள் கொழுக்கட்டைப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், ஓரத்தில் ஒரு சாளை. அடுத்த சாளைக்குப் போக இட்டேறியில் நடக்க வேண்டும். காங்கேயம் மாட்டை வளர்த்தெடுத்த இந்த நிலம் மனிதர்களைத் தள்ளித் தள்ளித்தான் குடிவைத்தது. அந்தச் சாளையில் வளரும் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தன் வயதுப் பிள்ளையைப் பார்க்க இருந்த ஒரே இடம் பள்ளி. அது மூடியபோது ஆத்தாவும் அப்பாருவும் மாடு கன்றும்தான் துணை. அன்பான துணைதான், ஆனாலும் ஒரு வயதுக்குத் தன் வயது வேண்டும்.

ஊருக்குள் வந்தால் நிலைமை வேறு. காங்கேயத்தில் அரிசி ஆலைகள் உண்டு, எண்ணெய் ஆலைகள் உண்டு, நெடுஞ்சாலையின் இருபுறமும் தேங்காய்க் களங்கள் உண்டு. களத்திலேயே தங்கி மட்டை உரிக்கவும் தேங்காய் உடைக்கவும் கொப்பரை காயவைக்கவும் வந்த குடும்பங்கள் பல. சிலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், சிலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் கிடைத்ததே பள்ளிக்கூடத்தில்தான். கூடப் படிக்கிற பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு கற்ற தமிழ் அது. பள்ளி மூடியதும் அந்த மொழிக்கு ஆள் இல்லாமல் போனது. ஒரு களத்தில் வேலை ஓய்ந்து குடும்பம் வேறு களத்துக்கு மாறினால், பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. எங்கே போனார்கள் என்று மேஸ்திரிக்குத் தெரியும், களத்துக்காரருக்குத் தெரியும். பள்ளிக்கு மட்டும் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஊர் வேறு, காலனி வேறு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே அண்டாவிலிருந்து சோறு வாங்கித் தின்னும் இடம் அரசுத் தொடக்கப் பள்ளி. இத்தனை ஆண்டுகளாக ஓசையில்லாமல் நடந்த பெரிய காரியம் அது. பள்ளி மூடியபோது பிள்ளைகள் அவரவர் பக்கத்துக்குத் திரும்பினார்கள். வீட்டுப் பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த இடத்தில் கொஞ்சம் படிப்பு நடந்தது. அந்த வசதி எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவில் இல்லை. ஊர் பொறுப்பேற்க வேண்டும் என்று நான் எழுதும்போது, ஊர் என்ற சொல்லுக்குள் காலனியும் களத்துக் குடிசையும் அடங்கும் என்ற பொருளில்தான் எழுதுகிறேன். அதை ஒப்புக்கொள்ளாமல் செய்யும் எந்த ஏற்பாடும் பாதிப் பிள்ளைகளைத்தான் காப்பாற்றும்.

அந்த மாதங்களில் என்னதான் நடந்தது? கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்றே தொடங்கப்பட்டிருந்தது. தொற்று வருவதற்கு முன்பே அது கையில் இருந்தது நம் நல்ல காலம். அரசு கேபிளில் 200ஆம் எண்ணில் வகுப்புவாரியாகப் பாடம் வந்தது. கேபிள் வயர் எட்டும் வீடுகளில் பிள்ளைகள் பார்த்தார்கள். ஆனால் தொலைக்காட்சி பேசும், கேட்காது. 'ழ'வைத் தப்பாகச் சொல்லும் பிள்ளையை அது திருத்தாது, நான்கு நாளாக உட்காராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று விசாரிக்காது.

பிறகு வாட்ஸ்ஆப் குழு. ஆசிரியர்கள் வகுப்புக்கு ஒரு குழு போட்டார்கள், வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள், எழுதிய பக்கத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு களத்துக்கோ ஆலைக்கோ திருப்பூர் கம்பெனிக்கோ போய்விடும். ராத்திரி அவர் வந்து சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ரீசார்ஜ் தீர்ந்தால் மாதக் கடைசிவரை வகுப்பு இல்லை. இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. 2017-18இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய 75ஆவது சுற்று ஆய்வில், இந்தியக் கிராமப்புற வீடுகளில் இணைய வசதி இருந்தது ஏறத்தாழ 15 சதவீதத்தில். 2021 ஆகஸ்டில் பொருளியல் அறிஞர் ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், வசதி குறைந்த குடியிருப்புகளில் சுமார் 1,400 பிள்ளைகளைச் சந்தித்துக் கேட்டார்கள். கிராமப்புறப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். படிப்பே இல்லாமல் இருந்தவர்கள் 37 சதவீதம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நூல் அறுபடாமல் இருந்தது. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை என்று உலர் பொருளாகக் கொடுத்தார்களே, அந்த நாட்களைச் சொல்கிறேன். புத்தகம் கொடுத்த நாட்களையும் சேர்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்ஆப்பில் பதிலே போடாத வீடுகளிலிருந்துகூட அன்றைக்கு யாராவது ஒருவர் பையோடு பள்ளி வாசலுக்கு வந்தார்கள். வராந்தாவில் நின்றபடியே ஆசிரியர் கேட்டார், "பையன் என்னங்க பண்றான்?" தாய் சொன்னாள், "எழுத்தெல்லாம் மறந்துபோச்சுங்க டீச்சர்." இரண்டு நிமிடப் பேச்சு. ஆனால் யார் ஊரில் இருக்கிறார்கள், யார் வீட்டில் கஷ்டம், எந்தப் பெண்பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே முடங்கிவிட்டாள் என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் தெரிந்தது. கருவி தராத உறவை அரிசிப் பை தந்தது. தேவையான ஒரு பொருளோடு சேர்ந்து போகும்போது விசாரிப்பு வீடுவரை போய்ச் சேர்கிறது.

அந்த வரிசையை நடத்தியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர். பக்கத்திலேயே அங்கன்வாடிப் பணியாளர். இவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். ஆசிரியர் பேருந்தில் வந்து பேருந்தில் போகிறவராக இருக்கலாம், இவர்கள் இங்கேயே இருப்பவர்கள். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை வேறு யாரையும்விட நன்றாக அறிந்தவர்கள். பிள்ளைகள் எங்கே என்று இவர்களிடம் முறையாக உட்கார்ந்து கேட்டு எழுதிவைத்த பள்ளிகள் எத்தனை? இருந்த அறிவை நாம் பயன்படுத்தவில்லை என்பதே என் வருத்தம்.

ஆசிரியர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தமிழ்நாடு முழுக்கப் பல ஆசிரியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். வேப்ப மரத்தடியிலும் கோயில் திடலிலும் தள்ளித் தள்ளி உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். 2021 ஜூனில் மற்ற 27 மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் தொற்று அடங்காததால் தளர்வு குறைவாகவே கிடைத்தது. அந்த நாட்களிலும் போனை வைத்துக்கொண்டு வீடு வீடாக விசாரித்தவர்கள் உண்டு. ஆனால் அது அந்தந்த மனிதரின் நல்ல மனசாக இருந்தது, ஏற்பாடாக இல்லை. அந்த ஆசிரியர் மாறுதலில் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் நாம் அல்ல. 1937 செப்டம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இளம்பிள்ளைவாதம் பரவி, பள்ளி திறப்பது ஏறத்தாழ மூன்று வாரம் தள்ளிப்போனது. வானொலி நிலையங்கள் நேரம் ஒதுக்கின, செய்தித்தாள்கள் அன்றன்றைய பாடக் குறிப்பை அச்சிட்டன, பெற்றோர் கேள்வி கேட்கத் தொலைபேசியில் ஆசிரியர்கள் உட்கார்ந்தார்கள். கல்வித் துறை மட்டுமின்றி நகரமே கைகொடுத்த வேலை அது. 2020இல் ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில் தூமர்தர் என்ற சிற்றூரில், தலைமையாசிரியர் சபன் குமாரும் ஊராரும் சேர்ந்து வீட்டு மண்சுவர்களில் பிள்ளைக்கு ஒன்றாகக் கரும்பலகை தீட்டினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் பலகை முன் உட்கார, ஆசிரியர் ஒலிபெருக்கியோடு தெருவில் நின்று பாடம் நடத்தினார். சுவரைக் கொடுத்தது ஊர்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவிலிருந்து. அங்கே நடுப் பாலைநிலத்தில் மாட்டுப் பண்ணைகள் நம் சாளைகளைவிடப் பன்மடங்கு தொலைவில் சிதறிக் கிடக்கும். பிள்ளைகளுக்குத் தபாலில் பாடம் வந்துகொண்டுதான் இருந்தது. அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர் அங்கே போனபோது கவனித்தது பாடக் குறையை அல்ல, அந்தப் பிள்ளைகளின் கூச்சத்தை. வேறு பிள்ளைகளோடு பேசிப் பழகாததால் வந்த கூச்சம். பறக்கும் மருத்துவர் சேவைக்காகப் பண்ணைகளில் ஏற்கெனவே இருந்த இருவழி வானொலியை வைத்து அவர்களைப் பேசவைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி தொடங்கியது. பிள்ளைகள் ஆசிரியரை மட்டுமின்றி ஒருவரை ஒருவர் குரலால் அறிந்தார்கள். நம் வாட்ஸ்ஆப் குழுக்களில் விடுபட்டது இதுதான். ஆசிரியரிடமிருந்து பிள்ளைக்குப் பாடம் போனது, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு வார்த்தையும் போகவில்லை. பக்கத்தில் உட்காரும் தோழியின் குரலைக் கேட்காமலேயே ஒன்றரை ஆண்டு கழிந்தது.

விளைவு என்ன என்று எண்ணிக்கையில் கேட்பவர்களுக்கு, கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் ஆய்வு 2022இல் ஒரு பதில் தந்தது. தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 10.2 சதவீதம் இருந்தார்கள், 2022இல் 4.8 சதவீதம். பாதிக்கும் கீழே விழுந்தது. 2018இல் இருந்த அளவே நமக்குப் பெருமை தருவதல்ல என்பதால், எல்லாப் பழியையும் தொற்றின் மேல் போட்டுவிடவும் கூடாது. ஏற்கெனவே மெலிந்திருந்த இடத்தில்தான் அடி விழுந்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம், ஒரு தன்னார்வலருக்கு 20 பிள்ளைகள் அளவில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இரண்டும் தேவையான திட்டங்கள். இல்லம் தேடிக் கல்வி நமக்குக் காட்டியது பாடத்தைவிடப் பெரிய ஒன்று. ஒவ்வொரு ஊரிலும் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர், அழைத்தால் அவர்கள் எவ்வளவு விருப்பத்தோடு வருவார்கள் என்பதை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பட்டம் வாங்கிவிட்டுத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்மிணிகள், டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலனிப் பெண்கள், இவர்களெல்லாம் ஆசிரியைகள் ஆனார்கள். அந்த மையங்களில் பல இன்று இல்லை. அந்தப் பெண்கள் இங்கேதான் இருக்கிறார்கள். பள்ளியோடு அவர்களுக்கு ஏற்பட்ட உறவைத் திட்டத்தோடு சேர்த்து முடிந்துபோகவிடுவது பெரிய இழப்பு.

"இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியதுங்க, வரி கட்டறோம்ல?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆசிரியர் பணியிடத்தை நிரப்புவதும், கட்டடமும், புத்தகமும், உணவும் அரசின் பொறுப்பு. அதிலிருந்து அரசை விடுவிக்க நான் ஒரு வரியும் எழுதமாட்டேன். ஆனால் எந்த இட்டேறியில் எந்தச் சாளை, எந்தக் களத்துக்குப் புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்பது சென்னையில் எந்த அலுவலகத்துக்கும் தெரியப்போவதில்லை. தோட்டத்தில் ஒரு கன்று வேலி தாண்டிப் போனால் பொழுது சாயும் முன் நான்கு சாளைக்குச் செய்தி போய்விடும், அடையாளம் சொல்லித் தேடிக் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். பிள்ளைகளுக்கும் அந்தக் கண் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஊரும் அரசும் கைகோத்த வரலாறும் நமக்கு உண்டு. காமராசர் முதல்வராகவும் ந.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு ஒன்று கூடியது. பிறகு மாநிலம் முழுக்க அது பரவியது. நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை, சோற்றுப் பாத்திரம் என்று அந்தந்த ஊர்க்காரர்கள் கொண்டுவந்து குவித்தார்கள். கொடுத்தவர்களில் பலர் தாங்கள் பள்ளிப் படியேறாதவர்கள். இன்று நம்மில் பெரும்பாலோர் படித்தவர்கள். பொருள் கொடுக்க வேண்டிய தேவையும் முன்பளவு இல்லை. கேட்பது கொஞ்சம் நேரமும் கொஞ்சம் கவனமும்.

சட்டத்திலும் இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. கூட்டம் நடக்கிறது. கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி பற்றிப் பேசுகிறார்கள், தீர்மானம் எழுதுகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள். எல்லாம் தேவைதான். பள்ளி மூடினால் பிள்ளைகளை எப்படித் தேடுவது என்பதும் அந்தத் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

மூடுவதற்குத் தொற்றே வர வேண்டும் என்பதில்லை. 2023இல் வெயிலின் கடுமையால் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் தள்ளிப்போய், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஜூன் 14 அன்றுதான் திறந்தன. 2024இலும் ஜூன் 10க்குத் தள்ளிப்போனது. 2023 டிசம்பரில் சென்னையும் பிறகு நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் நின்றபோது பள்ளிகள் மூடிக் கிடந்தன. காங்கேயத்துக்கு வெள்ளம் வராமல் இருக்கலாம், வெயில் கட்டாயம் வரும்.

என்ன செய்யலாம்? முதல் வேலை ஒரு பதிவேடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் வீடு இருக்கும் இடம், இரண்டு தொலைபேசி எண், நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தொலைவில் உள்ள ஒரு பெரியவரின் பெயர். அந்தப் பெரியவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துச் சாளைக்காரராக இருக்கலாம், மளிகைக் கடைக்காரராக இருக்கலாம், சொஸைட்டிக்குப் பால் ஊற்றப் போகும் வழியில் எட்டிப் பார்க்கிறவராக இருக்கலாம். வாரம் ஒரு முறை பிள்ளையை நேரில் பார்த்து ஆசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்வது மட்டுமே அவர் வேலை. ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இந்தப் பதிவேடு தலைமையாசிரியர் அலமாரியில் இருக்கட்டும். படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடக் கூடாது. சின்னஞ்சிறு பிள்ளைகளின் வீட்டு விவரம் ஊரெல்லாம் சுற்றக்கூடிய பொருள் அல்ல.

ஆலை முதலாளிகளிடமும் களத்துக்காரர்களிடமும் எனக்கு ஒரு தனி வேண்டுகோள் உண்டு. இந்த ஊரின் செல்வம் உங்கள் உழைப்பால் வந்தது, உங்களை நம்பி வந்து தங்கியவர்களின் உழைப்பாலும் வந்தது. புதுக் குடும்பம் வந்து இறங்கினாலும், ஒரு குடும்பம் வேறிடம் கிளம்பினாலும், பக்கத்துப் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். பள்ளி மூடிய நாட்களில் பிள்ளைகள் தாயோடு களத்துக்கு வந்துவிடுவார்கள், வேறு வழி அவளுக்கு இல்லை. வந்த பிள்ளை தேங்காய் பொறுக்காமல் இருக்க வேண்டும். அதற்கு நிழலில் ஒரு இடமும், ஒரு மணி நேரம் ஒரு போனும் ஒதுக்கினால் போதும். பிள்ளை படிக்கிற களம் என்று பெயர் வாங்கினால் அங்கே ஆள் நிலைத்து நிற்பார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

பாடம் எங்கே நடக்கிறது என்பது அடுத்த கேள்வி. யாருடைய திண்ணை என்பதில் எந்தப் பிள்ளை படியேறும், எந்தப் பிள்ளை வாசலில் நிற்கும் என்பது அடங்கியிருக்கிறது. ஆகவே பள்ளி வளாகமே முதல் இடம். கட்டடத்துக்குள் போக முடியாத காலத்திலும் மைதானத்து மரத்தடி உண்டு. அதுவும் ஆகாதென்றால் நூலகம், ஊராட்சிக் கட்டடம், எல்லோரும் தயங்காமல் வரும் பொதுவிடம் எதுவோ அது. எந்தப் பிள்ளையையும் வெளியே நிறுத்தும் இடத்தில் வகுப்பு வேண்டாம்.

தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர்கள் இது தங்களுக்கு அல்ல என்று நினைக்க வேண்டாம். 2020இலும் 2021இலும் கட்டணம் கட்ட முடியாமல் எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றின என்பது நமக்குத் தெரியும். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது அரசுப் பள்ளிதான்.

போன் இல்லாத வீட்டை எட்ட ஒரு பழைய வழி இருக்கிறது. அஞ்சலட்டை 50 காசு. வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால் 15 ரூபாய். ஆசிரியர் தன் கையால் பிள்ளையின் பெயரைப் போட்டு நான்கு வரி எழுதி அனுப்பினால், தபால்காரர் சாளைக்குப் போய்க் கொடுப்பார். தன் பெயருக்கு வந்த முதல் கடிதத்தை ஏழு வயதுப் பிள்ளை எத்தனை தடவை எழுத்துக்கூட்டி வாசிக்கும்! இன்னொரு பிள்ளைக்குப் பதில் எழுதச் சொன்னால், எழுத்தும் பழகும், நட்பும் அறுபடாது. கோடை விடுமுறையிலேயே இதைச் செய்து பார்க்கலாம். செய்து பழகிய ஏற்பாடுதான் நெருக்கடியில் கைகொடுக்கும். மேலாண்மைக் குழுவில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் அட்டை வாங்கும் செலவை ஏற்றுக்கொள்ளலாம், இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய பெண்கள் எழுத உதவலாம்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி தலைமையாசிரியரிடம் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். உறுப்பினர்களோடு நிறுத்திவிடாமல் சத்துணவு அமைப்பாளர், சமையலர், அங்கன்வாடிப் பணியாளர், பக்கத்துக் களங்களின் மேஸ்திரிகள், வார்டு உறுப்பினர் எல்லோரையும் அழைக்க வேண்டும். வெளிமாநிலக் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும், பெரும்பாலும் அந்தக் களத்துப் பிள்ளை ஒன்றே அதைச் செய்துவிடும். முடிந்தால் கூட்டத்தை மாலை ஆறு மணிக்குமேல் வைக்க வேண்டும். களத்து வேலை முடிந்து கை கால் கழுவி வரும் தாய்மார்கள் அந்த நேரத்துக்குத்தான் வர முடியும்.